முத்துசாமி மேஸ்திரியின் இடது காது

பெஞ்சமினுக்கு முத்துசாமி மேஸ்திரி பதினாறாயிரத்து நானூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். கைநீட்டி வாங்கிய கடன் இல்லை. பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. சொல்லப்போனால், அப்படி ஒரு பணம் தனக்கு வரவேண்டும் என்பது பெஞ்சமினுக்கே தெரியாது. அவன் பாட்டுக்கு எதிரில் வந்தால் வண்டியை நிறுத்தி, கும்பிடு போட்டு, "மேஸ்திரி, நாஸ்தா ஆச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவான். ஒவ்வொரு கும்பிடும் மேஸ்திரிக்கு நெஞ்சில் ஒரு முள்.

பணம் அவருக்குப் பெரிய விஷயம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கருங்குழியில் ஜி.எஸ்.டி. சாலை ஓரம் ஐந்து வண்டி ஒரே நேரத்தில் நிற்கிற ஷெட் அவருடையது. ஏழு பேருக்குச் சம்பளம் கொடுத்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். லாரி கழுவினார், கிரீஸ் அள்ளினார், பிறகு தானே முதலாளி ஆனார். எந்த வரப்பில் நடக்கும்போது அவருடைய அப்பன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தாரோ, அந்த வரப்பை ஒட்டிய இரண்டு ஏக்கரை ரொக்கம் எண்ணி வைத்து வாங்கினார். பத்திரம் பதிந்த அன்று புதுச் செருப்பு போட்டுக்கொண்டு அந்த வரப்பில் மூன்று தடவை போய் வந்தார். இத்தனையும் எப்படி வந்தது? கையால் பாதி. மீதி, இடது காதால்.

அந்தக் காதைப் பற்றிச் சொல்லாமல் முத்துசாமியைப் பற்றிச் சொல்ல முடியாது. ஓடுகிற இன்ஜின்மேல் நீளத் திருப்புளியின் முனையை வைப்பார். மரப்பிடியை இடது காதில் அழுத்துவார். கண்ணை மூடுவார். பத்து எண்ணுவதற்குள், "மூணாம் நம்பர்ல வால்வு லூசு" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாம் நம்பரில்தான் இருக்கும். எல்லா மெக்கானிக்கும் திருப்புளி வைப்பான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வைப்பது வேறு, கேட்பது வேறு. பட்டம் படித்தவர்கள் மெஷினோடு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்ற வண்டியை அவர் ஒரு பீடி பிடிக்கிற நேரத்தில் கண்டுபிடித்திருக்கிறார். "வலது காது ஊர்ப்பேச்சு கேக்க. இடது காது சோறு போட" என்று இருபத்தைந்து வருஷமாக வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லத் தகுதி இருந்தது, சொன்னார்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், மாட்டுப் பொங்கல் அன்று காலையில் அந்தக் காது நின்றுபோனது.

வலி இல்லை, காய்ச்சல் இல்லை. எழுந்தபோது காதுக்குள் பஞ்சு வைத்தது போல இருந்தது. பஞ்சுக்கு உள்ளே 'கொய்ங்' என்று ஒரு சத்தம், பிரஷர் குக்கரை யாரோ பக்கத்து வீட்டில் மறந்துவிட்டுப் போனது மாதிரி. முந்தின நாள் ஏரியில் முங்கிக் குளித்திருந்தார். தண்ணீர் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்து ஒற்றைக்காலில் குதித்தார்.

"இன்னாயா, ஐம்பத்திரண்டு வயசுல பாண்டி ஆடினுகீற?" என்றாள் மனைவி செங்கம்மாள்.

"காதுல தண்ணி."

அவள் பூண்டைத் தட்டி நல்லெண்ணெயில் காய்ச்சி விட்டாள். எண்ணெய்தான் உள்ளே போயிற்று. காது திறக்கவில்லை.

ஷெட்டில் டெலிபோன் அடித்தது. எடுத்தால் பேச்சே இல்லை. மறுபடி அடித்தது, மறுபடி ஒன்றும் இல்லை. "லைன் செத்துப்போச்சு" என்று ஆள் அனுப்பிப் புகார் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து லைன்மேன் வந்தார். ரிசீவரை எடுத்துக் கேட்டார். மேஸ்திரியை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணாத்த, லைன் கணீர்னு கீதே. எந்தக் காதுல வச்சுப் பாத்த?"

 லைன்மேன் டீக்குக் காசு வாங்கிக்கொண்டு போனதும் மேஸ்திரி ரிசீவரை வலது காதில் வைத்துப் பார்த்தார். கணீரென்றுதான் இருந்தது.

அப்போதே டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். மெக்கானிக் புத்தி ஓடவிடவில்லை. அடைப்பு என்றால் ஊதித் தள்ளணும். அவர் அறிந்த வைத்தியம் அது ஒன்றுதான். டீசல் குழாய் அடைத்தால் ஊதுகிறோம், ஃபில்டர் அடைத்தால் ஊதுகிறோம். யாரும் இல்லாதபோது கம்ப்ரசரை ஓட்டி, காற்றுக் குழாயின் வாயைப் பாதி பொத்திக்கொண்டு தன் காதுக்குத் தானே காற்று அடித்துக்கொண்டார். உலகம் ஒரு சுற்றுச் சுற்றியது. பழைய டயர் அடுக்கின்மேல் போய் விழுந்து, கூரைத் தகடு ஓடாமல் நிற்கும்வரை அங்கேயே கிடந்தார். எழுந்தபோதும் 'கொய்ங்'. தானா நின்ற இன்ஜின் தானா ஓடும் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டார்.

அன்று சாயங்காலம்தான் ஏசுதாஸ் வேனைக் கொண்டுவந்தான்.

வேன் பெஞ்சமினுடையது. செங்கல்பட்டு ஸ்டேஷனில் இறங்குகிறவர்களை வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கவும், மாமல்லபுரத்துக்குக் கடல் பார்க்கவும் ஏற்றிப் போகிற டீசல் வேன். தை மாசம் அவனுக்கு அறுவடை மாசம். ஏசுதாஸ் அவன் பெண்டாட்டி பிரிசில்லாவின் தம்பி. அந்த வண்டிக்கு டிரைவர்.

"மேஸ்திரி, ஏத்தத்துல லோடு இழுக்கும்போது அடியில இன்னாவோ தட்டுது. ராடு தட்டுற மாதிரி கீது. நாளைக்கு ட்ரிப்பு. ஒரு காது வச்சுப் பாருங்க."

ஷெட்டில் நாலு லாரிக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி திருப்புளியை வைத்து, பழக்க தோஷத்தில் இடது காதில் அழுத்தினார். ஒரு கூத்து நடந்தது. பிடி இருந்தது இடது பக்கம். சத்தம் கேட்டது வலது பக்கம். அதுவும் ஏரிக்கு அந்தக் கரையில் ஓடுகிற மோட்டார் போல, தெளியாமல். கையை மாற்றி வலது காதில் நேராக வைத்திருந்தால் முடிந்திருக்கும் விவகாரம். ஆனால் இருபத்தைந்து வருஷமாக ஊருக்கெல்லாம் இடது காதுப் பெருமை பேசியவர், நாலு பேர் பார்க்க எப்படி மாற்றுவார்? மாற்றினால், "இன்னா மேஸ்திரி, காது மாறிப்போச்சு?" என்று ஒருவன் கேட்பான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தார்.

பத்து எண்ணினார். கண்ணைத் திறந்தார்.

"ஒண்ணும் இல்ல. சுத்தமா கீது. போய் ஓட்டு."

"இல்ல மேஸ்திரி, நான் நல்லா கேட்டேன்..."

"உன் காதுல ஈ பறக்குது. நான் கேக்காததை நீ கேட்டுட்டியா?"

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். ஏசுதாஸும் வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள், மாமல்லபுரத்திலிருந்து திரும்பும்போது திருக்கழுக்குன்றம் தாண்டி இன்ஜின் வெடித்தது. பிஸ்டனைப் பிடித்திருக்கிற ராடு உடைந்து, இன்ஜின் கூடான பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்து நின்றது. நல்லவேளை, வண்டியில் இருந்த ஒன்பது பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கட்டி இழுத்துக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டார்கள். அடியில் பார்த்தால் ஒரு சொட்டு ஆயில் இல்லை.

"ஆயில் பாக்காம ஓட்டிட்டானா மேஸ்திரி?" என்று பெஞ்சமின்தான் கேட்டான். கேள்வியை அவனே எடுத்து நீட்டினான்.

மேஸ்திரி அப்போது இன்ஜினைப் பிரிக்கவில்லை. "ஆயில் இல்லைன்னா இப்டித்தான் ஆவும்" என்றார். பொய் இல்லை. அவன் கேட்டதற்குப் பதிலும் இல்லை.

மறுநாள் தானே உட்கார்ந்து பிரித்தார். ஆயில் இல்லாமல் ஓடிய இன்ஜின் என்றால் எல்லா பேரிங்கும் கருகியிருக்க வேண்டும். மற்றவையெல்லாம் பளபளவென்று இருந்தன. உடைந்த ராடின் பேரிங் ஒன்று மட்டும் வெற்றிலை போலத் தேய்ந்து கிடந்தது. பல நாளாகத் தட்டித் தட்டித் தேய்ந்தது. ராடு உடைந்து பிளாக் ஓட்டையானபின் கொட்டிப்போனதுதான் ஆயில். ஏசுதாஸ் சொன்னது அத்தனையும் நிஜம்.

வெளியே போய்ப் பெஞ்சமினைக் கூப்பிட வாய் வரை வந்தது. அதற்குள் பெஞ்சமின் மச்சானை வேலையைவிட்டு நிறுத்தியிருந்தான்.

பழைய பிளாக், கிராங்க், கடைசல், கூலி எல்லாம் சேர்த்துப் பதினாறாயிரத்து தொள்ளாயிரம் ஆயிற்று. மேஸ்திரி கூலியில் ஐந்நூறைக் குறைத்தார். "தங்கமான மனுசன்" என்று பெஞ்சமின் நாலு இடத்தில் சொன்னான். வட்டிக்கு வாங்கிய பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். மேஸ்திரி வாங்கிக் கல்லாவில் போட்டார். கடன் அன்றைக்கு ஆரம்பித்தது.

அதற்கப்புறம் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் உட்கார்ந்தார். ஹாரன் அடித்தால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் திரும்பினார். சாப்பிட உட்கார்ந்தால் செங்கம்மாள் வலது பக்கம் வரும்படி இலையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் நகர்ந்தார். வலது காது அடியில் போகும்படி படுத்தால் ஊரே செத்துப்போய் 'கொய்ங்' மட்டும் மிஞ்சும்; பதறிப் புரண்டு படுப்பார்.

பதினெட்டாம் நாள் செங்கம்மாள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு செங்கல்பட்டில் காது டாக்டர் பாலசுப்ரமணியனிடம் போனாள். டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். பிறகு கவட்டைக் குச்சி மாதிரி ஓர் இரும்பை முழங்கையில் தட்டி, அதிரும்போதே மேஸ்திரியின் நெற்றி நடுவில் வைத்தார்.

"எந்தப் பக்கம் கேக்குது?"

"வலது பக்கம்."

"காதுல அழுக்கு அடைச்சிருந்தா, அடைச்ச பக்கம்தான் கேக்கும். உங்களுக்கு நல்ல பக்கம் ஓடுது. அடைப்பு இல்லை இது. உள்ளே நரம்பு."

மேஸ்திரி அந்த இரும்பையே பார்த்தார். இவர் வைத்திருப்பதும் திருப்புளிதானே! இன்ஜினுக்குப் பதில் மண்டை. அன்றைக்குப் பிடி இடது பக்கம் இருக்கச் சத்தம் வலது பக்கம் போனதே, அந்தக் கூத்து அவருக்கு இப்போது விளங்கியது. "அதாவது டாக்டர், ஹாரன் நல்லாகீது. ஒயரு போச்சு."

"கிட்டத்தட்ட அப்படித்தான். எப்ப ஆச்சு? பதினெட்டு நாளா? முதல் ரெண்டு மூணு நாள்ல வந்திருந்தா மாத்திரைக்கு நல்லா கேட்டிருக்கலாம். இடையில என்ன பண்ணீங்க?"

"எண்ணெய் ஊத்தினேன்" என்றாள் செங்கம்மாள் குற்றவாளி போல.

"கம்ப்ரசர் காத்து அடிச்சேன்" என்றார் மேஸ்திரி.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "காது ஜவ்வு கிழியாம இருக்கே, அதுக்கு உங்க சாமிக்குத் தேங்காய் உடைங்க." திட்டிக்கொண்டே மாத்திரை எழுதினார். மேஸ்திரி ஒரு மாசம் சாப்பிட்டார், மறுபடி பரிசோதனை செய்தார்கள். லாரி போனால் ஒரு உறுமல் மட்டும் தெரிந்தது. பேச்சு திரும்பவில்லை.

முதல் நாள் டாக்டரிடமிருந்து வீடு வந்து சேரும்வரை செங்கம்மாளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "வெளிய சொல்லாத."

பணத்தைச் சுற்றி வளைத்துக் கொடுத்துவிடப் பார்த்தார். "பெஞ்சமினு, கணக்குல தப்பு. நான் அதிகமா வாங்கிட்டேன்" என்றார் ஒருநாள். "மேஸ்திரி கணக்காவது தப்பாவதாவது! சும்மா இருங்க" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். தருமத்துக்கு உண்டியலில் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார். உண்டியலா வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது?

பங்குனியில் ஒருநாள் பிரிசில்லா ஷெட்டுக்கு வந்தாள். மேஸ்திரி குனிந்து கியர்பெட்டி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இடது பக்கம் வந்து நின்றாள். எவ்வளவோ நேரம் பேசினாளாம். தம்பி பாலூர்ப் பக்கம் செங்கல் சூளையில் சுமை தூக்குகிறான், மச்சானும் மச்சானும் பேசுவதில்லை, 'நீங்கதான பிரிச்சீங்க, மெய்யாலுமே ஆயில்தானா, ஒரு வார்த்தை சொல்லுங்க' என்று கேட்டாளாம். மேஸ்திரி தலையே தூக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். வேலைக்காரர்கள் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது.

"காசு வந்தா காதும் அடைச்சிடும் போல" என்று டீக்கடையில் ஒருவன் சொன்னான். அவன் நின்றது வலது பக்கம். அது மட்டும் நன்றாகக் கேட்டது.

சித்திரையில் பெஞ்சமினுக்கு ஒரு பள்ளிக்கூட ஒப்பந்தம் கிடைத்தது. பிள்ளைகளை ஏற்றி இறக்க இன்னொரு வேன் வேண்டும். பிரிசில்லாவின் நகை அத்தனையும் அடகுக் கடைக்குப் போனது. கூடுவாஞ்சேரியில் கோபாலகிருஷ்ணன் என்ற தரகனிடம் பழைய வேன் ஒன்று இருந்தது. ஒரு லட்சத்து முப்பதாயிரம் சொன்னான்.

"நீங்க வந்து காது வச்சு 'ஓகே'ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும் மேஸ்திரி. உங்க வார்த்தைக்குத்தான் பணம்" என்றான் பெஞ்சமின்.

மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. போனார். பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு வாங்கி, இடது பக்கத்தை ஜன்னலுக்குக் கொடுத்து உட்கார்ந்தார். வழி முழுக்கச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். ஒரு பொத்தான் கையோடு வந்துவிட்டது.

தரகனின் மைதானத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி திருப்புளியை வைத்தார். இடது காது, அந்தக் கரை மோட்டார். சுற்றிலும் ஆறேழு பேர். இந்தத் தடவை வெட்கத்தை விட்டு வலது காதுக்கு மாற்றினார். சத்தம் வந்தது. நல்ல சத்தமா, கெட்ட சத்தமா? இடது காது இருபத்தைந்து வருஷம் படித்த பாடத்தை வலது காது ஒரு நாளும் படித்ததில்லை. தட்டுவது போலவும் இருந்தது, தட்டாதது போலவும் இருந்தது. பெஞ்சமின் பணம் வைத்திருந்த மஞ்சள் பையை மார்போடு பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தான். இந்த வண்டியில் பிள்ளைகள் ஏறும்.

"எப்டி கீது மேஸ்திரி?"

"தெரியல."

"இன்னா?"

"தெரியலடா. எனக்கு இந்தக் காது செத்துப்போச்சு. தை மாசத்துலேர்ந்து."

தரகன் பெரிதாகச் சிரித்தான். "இன்னா நைனா, ரேட்டு குறைக்க இப்டி ஒரு வேலையா? ஐயாயிரம் தள்றேன், காது வந்துடுமா?"

மேஸ்திரி அவன் பக்கம் திரும்பவே இல்லை. "பெஞ்சமினு, ஏசுதாசு ராடு தட்டுதுன்னு கொண்டாந்தான். தட்டிச்சு. எனக்குக் கேக்கல. வலது காதுல வச்சிருந்தா அன்னிக்கி கேட்டிருக்கும். நாலு பேர் பாக்குறாங்கன்னு வெக்கல."

"அப்ப ஆயிலு?"

"ராடு ஒடஞ்ச அப்புறம் கொட்டினது. பிரிச்ச அன்னிக்கே தெரியும் எனக்கு."

 இன்ஜினை யாரோ நிறுத்தினார்கள்.

"மூணு மாசம்" என்றான் பெஞ்சமின். "மூணு மாசமா எம் மச்சான் மூஞ்ச நான் பாக்கல. எம் பொண்டாட்டி உங்க ஷெட்டுல வந்து நின்னா."

"கேக்கல."

"கேக்கலையா, கேக்காத மாதிரி நின்னீங்களா?"

"அன்னிக்கி மெய்யாலுமே கேக்கல. மத்த நாளெல்லாம் கேக்காத மாதிரிதான்."

பெஞ்சமின் பையை இன்னும் இறுக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான். வேனையும் வாங்கவில்லை, மேஸ்திரியோடு பஸ்ஸும் ஏறவில்லை. மேஸ்திரி தனியாக ஊர் திரும்பினார். பெஞ்சமின் நேராகப் பாலூர் சூளைக்குப் போனான் என்பது பிறகு தெரிந்தது. அங்கே இரண்டு மச்சான்களும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை பத்து மணிக்கு பெஞ்சமினின் வேன் ஷெட் வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் ஏசுதாஸ். அவன் இறங்கவில்லை; சாலையைப் பார்த்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெஞ்சமின் மட்டும் உள்ளே வந்தான். கும்பிடு போடவில்லை.

மேஸ்திரி கல்லாவைத் திறந்தார். பணம் காலையிலேயே கட்டி வைத்திருந்தார்.

பெஞ்சமின் சுற்றிலும் பார்த்தான். ஏழு வேலையாட்கள், பெஞ்சில் மூன்று லாரிக்காரர்கள். குரலைத் தாழ்த்தி, "இங்க வேணாம். வூட்டாண்ட வரேன்" என்றான்.

"இன்னா சொன்ன? இந்தப் பக்கம் வந்து சொல்லு."

பெஞ்சமின் வலது பக்கம் வந்து மறுபடி சொன்னான்.

"வூட்டுல எதுக்கு? சுத்தமா கீதுன்னு இங்க நின்னுதான சொன்னேன்" என்றார் மேஸ்திரி. ஷெட் முழுக்கக் கேட்கிற குரலில் பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார். "டேய், எல்லாரும் கேட்டுக்குங்க. தையில இவன் வண்டி வெடிச்சுது என் தப்பு. ஏசுதாசு சொன்னது ரைட்டு. எனக்கு ஒரு காது கேக்காது. வண்டி விடுறவன் விடலாம், எடுத்துனு போறவன் போலாம்."

பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவன் எழுந்து வெளியே போனான். மற்ற இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் ஏசுதாஸ் தலையைத் திருப்பிப் பார்த்தான்.

"கைய நீட்டு" என்றார் மேஸ்திரி.

பெஞ்சமின் நீட்டினான். எல்லாம் நூறு ரூபாய்த் தாள்கள். மேஸ்திரி விரலில் எச்சில் தொட்டு, ஒவ்வொரு தாளாக வாய்விட்டு எண்ணி அந்த உள்ளங்கையில் வைத்தார். ஐம்பதில் ஒரு தடவை எண்ணிக்கை தப்பியது. தப்பக் கூடாது என்று மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பெஞ்சமின் அவசரப்படுத்தவில்லை. நூறு தாண்டியது, நூற்றைம்பது தாண்டியது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவனும் கூடவே உதட்டுக்குள் எண்ணினான்.

"நூத்தி அறுவத்திரண்டு. நூத்தி அறுவத்தி மூணு. நூத்தி அறுவத்தி நாலு."